தங்கப் பல்லியும் டியூப்லைட் பல்லியும்: வாசகர் கேள்விகள்

வேளச்சேரி வாசகர்: எங்கள் ஃபிளாட்டில் டியூப்லைட் ஓரமாக மஞ்சளாக ஒரு பல்லி திரிகிறது. திருமலையில் இருக்கும் தங்கப் பல்லியா சார்?

இல்லை, சாதாரண வீட்டுப்பல்லிதான். இரவில் அதன் தோல் வெளுத்துவிடும். அதையே பகலில், காலண்டருக்குப் பின்னால் தேடிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் இருக்கும்.

தங்கப் பல்லி மலைவாசி. கிழக்குத் தொடர்ச்சி மலையில் திருமலை இருக்கும் சேஷாசலம், வேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் என்று காடும் பெரும்பாறையும் சேர்ந்த இடங்களில், இடுக்குகளிலும் ஈரமான குகைகளிலும் ஒண்டியிருக்கும். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். பளிச்சென்று மஞ்சள் ஏறுவது பெரும்பாலும் ஆணுக்கு, அதுவும் இனப்பெருக்கக் காலத்தில். மற்றவை பாறையோடு பாறையாகப் பழுப்பாகக் கிடக்கும். நிறத்தைவிட விரலை நம்பலாம்: வீட்டுப்பல்லியின் விரலடியில் வரிவரியாக மடிப்புகள், தங்கப் பல்லிக்கோ விரல் நுனியே இரண்டு தகடாக விரிந்திருக்கும். 1870-இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பெட்டோம். நம் மதராஸ் வனத்துறைக்குத் தலைவராக இருந்தவர். இதன் பேரினப் பெயரிலேயே (Calodactylodes) ‘அழகிய விரல்’ ஒளிந்திருக்கிறது.

மயிலாப்பூர் வாசகி: காஞ்சி வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடுகிறோமே, அது இந்த இனமா?

அங்கிருப்பது சிற்பம். சாபத்தால் பல்லியான சீடர்கள் என்பது தலக்கதை. விலங்கியலுக்கும் அதற்கும் வழக்கில்லை. தெலுங்கில் இந்த மலைப் பல்லிக்கும் ‘பங்காரு பல்லி’, அதாவது தங்கப் பல்லி, என்றே பெயர், குழப்பம் அதனால்தான்.

பெரம்பூர் வாசகர்: திருமலையில் ஒரு பாறை இடுக்கில் சுண்ணாம்பு உருண்டை மாதிரி வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. சுரண்டினேன், வரவில்லை. என்ன அது?

சுரண்டியிருக்க வேண்டாம்! நீங்கள் சொல்கிற இடத்தைப் பார்த்தால் தங்கப் பல்லி முட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். இடும்போது ஈரப்பசையோடு இருக்கும் முட்டை பாறையில் ஒட்டி, பிறகு ஓடு இறுகிவிடும். பல பெண் பல்லிகள் ஒரே இடுக்கைப் பிரசவ வார்டு ஆக்கிக்கொள்ளும். பொரிந்துபோன பழைய ஓடுகளின் தழும்புக்குப் பக்கத்திலேயே புது முட்டைகள் இருக்கும். ஒரு நல்ல இடுக்கு போனால் பல குடும்பங்களின் இடம் போகும். பெயர் எழுதுவது, பெயின்ட் அடிப்பது, இடுக்கில் பிளாஸ்டிக் பாட்டில் செருகுவது எல்லாம் எனக்கு ஆத்திரம் மூட்டுவது இந்தக் கணக்கினால்தான்.

தாம்பரம் வாசகர்: தங்கப் பல்லிக்கு லட்சக்கணக்கில் விலை என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

மண்ணுளிப் பாம்புக்குச் சொன்ன அதே கதை, பிராணி மட்டும் வேறு. பிடிப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

குரோம்பேட்டை வாசகி: பாலில் பல்லி விழுந்தால் விஷமா?

நம் வீட்டுப்பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் அதன் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், அதனால் பாலைக் கொட்டிவிடுங்கள். ‘ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி’ என்று பாட்டிகள் சும்மா சொல்லவில்லை. பாத்திரத்தை மூடி வைக்கலாம்.

அதே வாசகி: தலையில் விழுந்தால்?

பஞ்சாங்கத்தில் தனிப் பக்கமே இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பில்லை.