டிக்கெட்டை எல்லாரும் போனிலேயே போடுகிறார்கள், என் மகளிடம் யார் வருவார்கள்?

திருச்சியிலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு வணக்கம்.

மகள் பி.காம் முடித்து ஒரு டிராவல்ஸில் வேலை பார்க்கிறாள். இப்போது அதை விட்டுவிட்டு வீட்டு முன்னறையிலேயே சொந்தமாக ஏஜென்சி நடத்தப் போகிறேன் என்கிறாள். நீங்கள் வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறீர்கள். "செல்போன்லயே எல்லாரும் டிக்கெட் போட்டுக்கிறாங்க, இவகிட்ட யாரு வருவா?" என்பது உங்கள் கேள்வி. வெறும் டிக்கெட் என்றால் யாரும் வர மாட்டார்கள். அதில் உங்கள் கணக்கு சரி.

ஒரு காலத்தில் விமான நிறுவனங்கள் ஏஜென்ட்டுக்கு 9 சதவீதம் கமிஷன் கொடுத்தன. அது 7 ஆகி, 5 ஆகி, 2008-ல் பெரும்பாலான நிறுவனங்கள் கமிஷனே கிடையாது என்று சொல்லிவிட்டன. இன்று டிக்கெட்டுக்கு நூறோ இருநூறோ சர்வீஸ் சார்ஜ் வாங்கினால் உண்டு. ரயிலில் இன்னும் குறைவு. அனுமதி பெற்ற ஏஜென்ட் ஏசி வகுப்பு டிக்கெட்டுக்கு 40 ரூபாய், மற்ற வகுப்புக்கு 20 ரூபாய் வாங்கலாம், அவ்வளவுதான். 2025 ஜூலையிலிருந்து தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்கள் டிக்கெட் எடுக்கவே முடியாது. அந்த அரை மணிக்குப் பிறகு தட்கலில் என்ன மிஞ்சும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் எதற்கு வருகிறார்கள்? உங்கள் ஊர் விமான நிலையத்தில் ஒரு ராத்திரி நின்று பாருங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், கொழும்பு விமானங்களுக்குப் புதுக்கோட்டையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் வந்து நிற்கும் கூட்டத்தில், பேரப்பிள்ளையைப் பார்க்க முதல் தடவையாக விமானம் ஏறும் அம்மாக்கள் எத்தனை பேர்! சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு டிக்கெட் போடத் தெரியும். சிக்கல் வேறு இடத்தில் வரும்.

அம்மாவின் பாஸ்போர்ட்டில் 'கிவன் நேம்' என்ற இடத்தில் மீனாட்சி என்று மட்டும் இருக்கும், 'சர்நேம்' காலி. நமக்கு இனிஷியல்தான் வழக்கம், எனவே இது வீட்டுக்கு வீடு உண்டு. டிக்கெட் போடும் திரை இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகராது. மகன் அவசரத்தில் அப்பா பெயரைச் சர்நேமாக அடித்துவிடுவார். டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயர், செக்-இன் கவுன்டரில் அம்மா தனியாக நிற்பார். சில விமான நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் அடிக்கச் சொல்லும், சில எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்லும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் விசிட் விசாவில் வர முடியாது என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று தளர்த்தியது. இந்த மாதிரி விஷயங்களைத் தினமும் கவனித்துக்கொண்டிருப்பவரிடம்தான் மகன் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைக்கிறார்.

இன்னொன்று. சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்டிஏசி, தாய்லாந்துக்கு 2025 மே முதல் டிடிஏசி என்று ஆன்லைன் படிவங்கள் இருக்கின்றன. இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், மூன்றும் இலவசம். ஆனால் இணையத்தில் தேடினால் அரசுத் தளம் போலவே வேஷம் போட்டுக் காசு கேட்கும் தளங்களும் வரும். பெட்டி கதை தனி. மலிவு டிக்கெட் என்று எடுத்துவிட்டு, அதில் கைப்பைக்கு மட்டும்தான் அனுமதி என்று தெரியாமல் வடகமும் ஊறுகாயுமாக 20 கிலோ கட்டிக்கொண்டு வருவார்கள். முன்கூட்டியே வாங்கியிருந்தால் ஆகும் செலவைவிடக் கவுன்டரில் பல மடங்கு ஆகும்.

வருமானம் இரண்டு வழியில் வரும். ஒன்று இந்த மாதிரிக் காகித வேலைகள், விசா ஃபைல் உட்பட. ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா என்றால் 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், ஹோட்டல் பதிவு, தினசரிப் பயணத் திட்டம் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது, பேக்கேஜ். காசி-கயா-பிரயாக்ராஜ், அந்தமான், காஷ்மீர், உம்ரா, புனித பூமி என்று ஏதாவது ஒன்றில் கைதேர்ந்தவர்கள்தான் நிற்கிறார்கள். எல்லா இடத்துக்கும் எல்லாம் செய்வேன் என்று போர்டு வைத்தவர்களைவிட, "காசிக்குன்னா அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க" என்று நாலு தெருவில் பெயர் வாங்கியவர்கள் நன்றாக இருக்கிறார்கள். காசியில் எந்தப் படித்துறையில் படி குறைவு, எந்த விடுதியில் லிஃப்ட் உண்டு, தெற்கத்திச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பது அறுபது வயதைத் தாண்டியவருக்கு விமான டிக்கெட்டை விட முக்கியம்.

அன்றாடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அது உங்கள் முன்னறையில் நடக்கப் போகிறது. வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்பும். "மேடம், கவுன்டர்ல ரிட்டர்ன் டிக்கெட் கேக்குறாங்க" என்று இரண்டு மணிக்குப் போன் வரும். காலையில் வெப் செக்-இன், பகல் முழுக்கக் கொட்டேஷன். ஒரே குடும்பத்துக்கு மூன்று ஹோட்டல், நாலு தேதி என்று மாற்றி மாற்றி விலை அனுப்பினால், கடைசியில் அதே திட்டத்தைக் காட்டி வேறொருவரிடம் ஆயிரம் ரூபாய் குறைத்துப் போய்விடுவார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், அங்கே வேலை முடிந்து அவர்கள் பேசுவது நமக்குச் சாயங்கால நேரம். ஏப்ரல், மே மாதங்களில் மூச்சு விட முடியாது, ஜூன் மாதம் போன் அடிக்காது. பயணம் பிடிக்கும் என்பதற்காக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, சீசனில் ஊரே சுற்றப் போயிருக்கும்போது நீ வீட்டில்தான் இருப்பாய் என்பது.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது ஆள் வராததற்கு அல்ல, கடனுக்கு. தனி ஏஜென்ட்கள் பெரும்பாலும் ஏஜென்ட்களுக்கு மொத்தமாக டிக்கெட் விற்கும் இணையதளங்களில், வாலட் என்ற கணக்கில் முன்பணம் கட்டி வைத்துத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். டிக்கெட் போட்ட நொடியில் அந்தக் கணக்கிலிருந்து பணம் போய்விடும். வாங்குகிறவர் உங்கள் தூரத்துச் சொந்தமாக இருப்பார். "அடுத்த வாரம் தர்றேம்மா" என்பார். 60,000 ரூபாய் டிக்கெட்டில் உங்கள் மகளுக்கு நிற்பது 500 ரூபாய் என்று வையுங்கள். அந்த ஒரு பாக்கி வராமல் போனால் அதை ஈடுகட்ட 120 டிக்கெட் போட வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தலில் உங்களிடமே வந்து "நம்ம பொண்ணுதானே, சொல்லுங்க" என்று கேட்பார்கள். அப்போது நீங்கள் "பணம் அனுப்பிட்டுப் பேசுங்க" என்று சொல்லத் தயாரா? முதலீடு கொடுப்பதைவிட இந்த ஒத்துழைப்புதான் அவளுக்குப் பெரிய உதவி.

விமான நிறுவனமே விழுந்துவிடுவதும் உண்டு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தியபோது, பயணிகள் பணத்தைக் கேட்டு நின்றது டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டின் வாசலில். 2020 மார்ச்சில் கொரோனா முடக்கத்தின்போதும் அதே கதைதான். எனவே வாடிக்கையாளர் கொடுத்த அட்வான்ஸ் வேறு, தன் சம்பாத்தியம் வேறு என்று இரண்டு வங்கிக் கணக்கு வைக்காதவர் இந்தத் தொழிலில் இருக்கவே கூடாது என்பேன். ரத்தானால் எவ்வளவு திரும்பும், எவ்வளவு நாளில் என்பதைப் பணம் வாங்குமுன் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி "சரி" என்று பதில் வாங்க வேண்டும்.

சட்டத்தில் இரண்டு இடங்களில் பிள்ளைகள் தெரியாமல் காலை வைத்துவிடுகிறார்கள். தன் சொந்த ஐடியில் ரயில் டிக்கெட் எடுத்து லாபத்துக்கு விற்பது ரயில்வே சட்டம் 143-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைவிட ஆபத்தானது, "துபாயில் வேலை இருக்கு, ஆள் இருந்தா சொல்லும்மா, தலைக்கு இவ்வளவு தர்றோம்" என்று வரும் ஆசை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983 குடிபெயர்வுச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். டிராவல் ஏஜென்சிக்கு அந்த அதிகாரம் கிடையாது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் டூரிஸ்ட் விசாவில் தாய்லாந்து போய், அங்கிருந்து மியான்மர் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ஒரு பயணத்துக்கு டிக்கெட் போட்ட பெயராக உங்கள் மகளின் பெயர் இருக்கக் கூடாது.

படிப்பு? ஏஜென்சி தொடங்கப் பட்டயம் கட்டாயமில்லை. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரமும் விரும்பினால் வாங்குவதுதான். அயாட்டா என்ற சர்வதேச விமான நிறுவனங்கள் சங்கத்தின் அங்கீகாரத்துக்கு வங்கி உத்தரவாதம் கேட்பார்கள், தொடக்கத்தில் அது தேவையே இல்லை. பள்ளி முடித்த பிள்ளை என்றால் குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட, சுற்றுலா மேலாண்மை கற்றுத்தரும் ஐஐடிடிஎம்மைச் சொல்லியிருப்பேன், நெல்லூரிலும் அதற்கு வளாகம் உண்டு. உங்கள் மகள் வேலையிலேயே கற்றுவிட்டாள். அமேடியஸ் அல்லது கலிலியோ என்ற டிக்கெட் பதிவு மென்பொருளில் கை ஓடுகிறதா என்று மட்டும் கேளுங்கள். ஜிஎஸ்டிக்கும் வெளிநாட்டு பேக்கேஜுக்குப் பிடிக்கும் டிசிஎஸ் வரிக்கும் தொடங்கும் முன்பே ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடட்டும்.

என் அபிப்பிராயம் கேட்டால், வங்கித் தேர்வா ஏஜென்சியா என்று இப்போதே ஒன்றை வெட்ட வேண்டாம். இந்த மே சீசன் முடியும்வரை அவள் இப்போதைய வேலையிலேயே இருக்கட்டும், முடிந்தால் டிக்கெட் மேசையிலிருந்து விசா அல்லது குரூப் டூர் பக்கம் மாற்றிக் கேட்கட்டும். கிளம்பும்போது அலுவலகத்தின் வாடிக்கையாளர் பட்டியலை அள்ளிக்கொண்டு வரக் கூடாது. அது நேர்மையும் இல்லை, திருச்சி அளவுள்ள ஊரில் மறைக்கவும் முடியாது. கல்யாணமாகி வேறு ஊர் போனால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். கடை வாடகை இல்லாத, போனிலும் மடிக்கணினியிலும் நடக்கும் தொழில் இது. வங்கிக் கிளையைவிடச் சுலபமாக இடம் மாறும். ராத்திரி இரண்டு மணிப் போனை அந்த வீடு பொறுக்குமா என்பதைத்தான் அப்போது பேச வேண்டியிருக்கும்.

இதற்கிடையில் அவளிடம் ஒரு தாள் கேளுங்கள். எந்தப் பயணத்தில் கைதேரப் போகிறாள், முதல் வருடம் வாலட்டில் வைக்க எவ்வளவு பணம், அதில் எவ்வளவு போனால் நிறுத்திக்கொள்வாள், யாருக்கெல்லாம் கடன் கிடையாது. நாலாவது கேள்விக்கு உங்கள் தம்பி, மைத்துனர் பெயர்களையும் அவள் எழுதியிருந்தால், தயாராகிவிட்டாள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தாளோடு இருவரும் ஒரு சனிக்கிழமை வாருங்கள். வங்கித் தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வருமுன் வந்தால் நல்லது, அதையும் சேர்த்தே பேசிவிடலாம்.