எலாஸ்டின் பவுடர் குடித்தால் தோல் இறுகுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. கழுத்திலும் கன்னத்திலும் தோல் தளர்ந்துகொண்டு வருகிறது. மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் எலாஸ்டின் பவுடர் விற்கிறார்கள். குடித்தால் தோல் பழையபடி இறுகுமா? என் அப்பா வாவியில் மீன்பிடித் தொழில் செய்பவர். இளவயதிலிருந்தே சிகரெட் பழக்கம். இப்போது தோணியை விட்டு இறங்கி வீடு வந்து சேருவதற்குள் மூச்சு முட்டுகிறது. எலாஸ்டின் நுரையீரலுக்கும் நல்லதாம் என்கிறார்கள். அவருக்கும் கொடுக்கலாமா?
— வாசகி, கழுவாஞ்சிகுடி

பதில்: இருவருக்குமே வேண்டாம், சகோதரி. அப்பாவைத் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். அவருடைய மூச்சுதான் இங்கே அவசரமான விசயம்.

எலாஸ்டின் ஒரு புரதம். வாயால் குடித்தால் மீனையும் பருப்பையும் போலவே அதுவும் குடலில் சிறு துண்டுகளாகச் செரித்துப்போகும். அந்தத் துண்டுகள் கழுத்துத் தோலுக்குப் போய் மறுபடி எலாஸ்டினாகக் கூடுவதில்லை.

இந்தப் புரதத்தை அந்தந்த இடத்தில் உள்ள கலங்களே செய்கின்றன. தோலில் நார்க்கலங்கள், பெருநாடியின் சுவரில் மழமழப்பான தசைக் கலங்கள். 7ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள மரபணுவைப் படித்து, ட்ரோப்போஎலாஸ்டின் என்ற மூலப் புரதத்தைக் கலம் கோக்கிறது. தண்ணீரோடு ஒட்டாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் சுபாவம் இதற்கு. கலத்துக்குள்ளேயே திரண்டுவிட்டால் காரியம் கெட்டுவிடும். அதனால் துணைப் புரதம் ஒன்று அதைப் பிடித்தபடியே கலத்தின் மேற்பரப்புவரை கொண்டுவந்து வெளியே விடுகிறது. வெளியில் வந்த பிறகுதான் அது சிறு துளிகளாகத் திரளலாம். அங்கே ஃபைப்ரிலின் என்ற இன்னொரு புரதத்தின் நுண்ணிய இழைகள் முன்கூட்டியே ஓடியிருக்கும். பந்தலில் புடோல் கொடி படர்வதுபோல அந்த இழைகள்மேல் துளிகள் படிகின்றன. கடைசியாக, செம்பு இருந்தால்தான் வேலை செய்யும் ஒரு நொதியம் அவற்றைக் குறுக்காகப் பிணைக்கிறது. இந்தப் பிணைப்புக்குப் பிறகுதான் இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும் நார் கிடைக்கிறது. (செம்புக்கென்று மாத்திரை தேட வேண்டாம். நண்டு, மரமுந்திரிப் பருப்பு, பயறு வகைகள் சாப்பிடுகிற வீட்டில் அது போதியளவு கிடைத்துவிடும்.)

இந்த வேலையில் பெரும்பங்கு தாயின் வயிற்றில் கடைசி மாதங்களிலும் பிள்ளைப் பருவத்திலும் முடிந்துவிடுகிறது. வளர்ந்தவர்களின் கலங்கள் புதிதாக மிகக் கொஞ்சமே செய்கின்றன. நமக்குள் இருக்கும் எலாஸ்டினில் பாதி அழிவதற்கு ஏறத்தாழ 70 வருடமாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு உறுதியான பொருள். ஆனால் சிதைந்தால் ஒழுங்காகத் திரும்பக் கட்டப்படுவதில்லை.

உங்கள் முன்கையையும், சட்டைக் கைக்குள் மறைந்திருக்கும் மேற்கையின் உட்பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வயது ஒன்றுதான், தோல் வேறு. அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி வெயில் செய்தது. வெயிலில் பழுதான தோலை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் எலாஸ்டின் குறைந்திருக்காது. உருக்குலைந்து கட்டிகட்டியாகக் குவிந்திருக்கும். ஆகவே இன்னும் கொஞ்சம் சேர்த்தால் சரியாகிவிடும் என்ற கணக்கே பிழை. குடை பிடியுங்கள், முகத்துக்கும் கழுத்துக்கும் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசுங்கள். ரெட்டினோயிட் (விட்டமின் ஏ வகை) கிரீம் ஓரளவு உதவும். தோல் மருத்துவரிடம் கேட்டே பூச வேண்டும், கர்ப்பகாலத்தில் கூடாது. பெயர் விபரம் இல்லாத வெள்ளையாக்கும் கிரீம்களை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் தோல் மெலிந்து இன்னும் மோசமாகும்.

இனி அப்பா. நாம் மூச்சை வெளியே விடும்போது நுரையீரல் தானாகவே சுருங்குவதற்கு இதே எலாஸ்டின் நார்கள் வேண்டும். சிகரெட் புகை வெள்ளைக் குருதிக் கலங்களை அங்கே கூட்டுகிறது. அவை விடும் எலாஸ்டேஸ் என்ற நொதியம் நார்களை அரிக்கிறது. அதைத் தடுக்க இயற்கை வைத்திருக்கும் புரதத்தையும் புகையே முடக்கிவிடுகிறது. நாளடைவில் காற்றுப்பைகளின் சுவர்கள் உடைந்து, உள்ளே போன காற்று வெளியேற முடியாமல் தங்கிவிடுகிறது. இதைத்தான் எம்பிசீமா என்ற நுரையீரல் நோய் என்கிறார்கள். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி ஊதி மூச்சு விடுகிறாரா என்று கவனியுங்கள். இந்த நோயுள்ளவர்கள் பலர் யாரும் சொல்லிக் கொடுக்காமலே அப்படிச் செய்வார்கள்.

உடைந்த சுவர் திரும்ப வளராது. ஆனால் இன்றைக்கு சிகரெட்டை விட்டாலும் நோய் முற்றும் வேகம் குறையும். இந்த வயதில் விட்டு என்ன பயன் என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்ஹேலர் மருந்துகளும் நடையை இலகுவாக்கும். இதய நோயாலும் இப்படி முட்டலாம் என்பதால், ஊதிப் பார்க்கும் சோதனையோடு இ.சி.ஜி.யும் எடுக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே காட்டலாம். நெஞ்சு வலி வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

போகும்போது எந்த வயதில் புகைக்கத் தொடங்கினார், ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். டொக்டர் கட்டாயம் கேட்பார்.