டீ வேண்டாம் என்றவர்

வணக்கம் ஐயா,

கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து ஒரு நாத்திகர் வட்டம் நடத்துகிறோம். வாட்ஸ்அப் குழுவில் 43 பேர், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஆறு பேர். கல்லூரியில் அறை தர மறுக்கிறார்கள், கேண்டீனுக்குப் பின்னால்தான் கூடுகிறோம். அடுத்த மாதம் 'மந்திரமா தந்திரமா' நிகழ்ச்சி நடத்தப் போகிறோம். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றுவது, நெய்க்குப் பதில் கிளிசரின் ஊற்றி யாகத்தீ வரவழைப்பது, அலுமினிய நாணயத்தைச் சாம்பலாக்குவது எல்லாம் பழகிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது ஒரு சிக்கல். எங்கள் பொருளாளர் செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் பழனியில் மொட்டையடித்துக்கொண்டு வந்திருக்கிறான். குழுவில் ஒரே மீம். நீக்கியே ஆக வேண்டும் என்று நான்கு பேர் நிற்கிறார்கள். கொள்கை முக்கியமா, நட்பு முக்கியமா? உறுப்பினர்கள் படிக்க ஒரு நூல்பட்டியலும் தந்தால் உதவியாக இருக்கும்.

ச.

அன்புள்ள ச.,

அறை தரவில்லை என்பதற்கெல்லாம் வருந்தாதீர்கள். 1811இல் நாத்திகத் துண்டறிக்கை போட்டதற்காக ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியை ஆக்ஸ்ஃபோர்டு வெளியே அனுப்பியது. 2015இல் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தையே எடுத்தார்கள், ஊர் சத்தம் போட்ட பிறகு திருப்பித் தந்தார்கள். உங்களுக்கு ஒரு ஃபேனும் பத்து நாற்காலியும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆறு பேர் வருகிறார்கள் என்பதும் குறையல்ல. ஆறு பேர் தவறாமல் வருகிற இலக்கியக் கூட்டம் ஒன்றை எனக்குக் காட்டுங்கள், நானே வந்து மாலை போடுகிறேன்.

அந்த மொட்டைதான் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

1995இல் காவிரிக்கரை ஊர் ஒன்றில் நான் பி.எஸ்ஸி. படித்தேன். பதினொரு பேர் சேர்ந்து ஒரு பகுத்தறிவு வட்டம் வைத்திருந்தோம். நான் செயலாளர். மாதச் சந்தா இரண்டு ரூபாய். விடுதியில் கூட்டம் போடக்கூடாது என்பதால் ஊருக்கு வெளியே ஒரு கீற்றுக்கொட்டகை டீக்கடை. வேலை என்று பார்த்தால், மைதா பசை காய்ச்சி ராத்திரியில் சுவரொட்டி ஒட்டுவோம். வாடகை சைக்கிளில் டபுள்ஸ் போய்ப் பக்கத்து ஊர்களில் துண்டறிக்கை கொடுப்போம். மீதி நேரமெல்லாம் தீர்மானம். மூன்று பேர் மட்டும் வந்த நாளிலும் நோட்டில் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. எடுத்துப் படித்தால் சிரிப்பும் கூச்சமும் சேர்ந்து வரும்.

எங்கள் பொற்காலம் அந்த ஆண்டு செப்டம்பர் 21. பிள்ளையார் பால் குடித்த நாள். காலையில் டெல்லியில் கிளம்பிய சேதி சாயங்காலத்துக்குள் எங்கள் ஊர் அக்கிரகாரம், கடைத்தெரு, காவல் நிலையத்து அரசமரம் வரை வந்துவிட்டது. கரண்டியைச் சாய்த்துத் தும்பிக்கையில் ஒட்டினால் பரப்பு இழுவிசை பாலை இழுக்கும், இழுத்த பால் படலமாகச் சிலைமேல் வழிந்து இறங்கும், ஈரக்கல்லில் வெள்ளைப் பால் கண்ணுக்குத் தெரியாது. இதை விளக்க ஓர் அம்மிக்கல்லைத் தூக்கிவந்து தெருவில் நிறுத்தி அதற்குக் கரண்டியில் பால் கொடுத்தோம். அம்மியும் குடித்தது. கூட்டம் வாயடைத்து நின்றது. நான் வெற்றிப் புன்னகையோடு திரும்பினேன். ஒரு ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "பாத்தியா, அம்மிக்குள்ளயும் அவருதான் இருக்காரு." அடுத்த கால்மணி நேரத்தில் அம்மிக்கு வரிசை நின்றது. வித்தை காட்டி யாரையும் மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு அன்றோடு போய்விட்டது. உங்களுக்கு இன்னும் போகவில்லை. சரி, போகட்டும்.

ஒரு மாதம் கழித்து அக்டோபர் 24, தீபாவளிக்கு மறுநாள், சூரிய கிரகணம். கிரகண நேரத்தில் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று (ஏகமனதாக) தீர்மானம். பண்டிகைக்கு ஊருக்குப் போகாமல் ஐந்து பேர் விடுதியில் கிடந்தோம். மெஸ் பூட்டு. எதைச் சாப்பிட்டுக் காட்டுவது என்ற யோசனையே யாருக்கும் வரவில்லை. எங்களில் ஒரு நண்பர் அதிகாலையில் வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்தார். தூக்குச்சட்டி நிறையப் பழைய சோறும் சுட்ட கருவாடும். விடுதிப் படிக்கட்டில் அரை வெளிச்சத்தில் உட்கார்ந்து ஐந்து பேரும் அதைச் சாப்பிட்டோம். அந்த ருசி இப்போதும் நாக்கில் நிற்கிறது.

அந்த நண்பர் அதிகம் பேசமாட்டார். கூட்டத்துக்கு ஒருநாளும் தவறியதில்லை. கடையில் மட்டும் டீ குடிக்கமாட்டார். "எனக்கு வேண்டாம் தோழர், வயிறு சரியில்ல" என்பார். அவருக்கு அல்சர் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

அடுத்த சித்திரையில் ஒருவன் மூச்சிரைக்க வந்து சேதி சொன்னான். அவர் தம் ஊர் மாரியம்மன் திருவிழாவில் மஞ்சள் வேட்டி கட்டித் தீச்சட்டி எடுத்திருக்கிறார். எங்களுக்கு ரத்தம் கொதித்தது. 'தீச்சட்டி இங்கே, மாரியாத்தா எங்கே' என்று அவரும் எங்களோடு ஊர்வலத்தில் கத்தியவர்தானே? விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினேன். ஏழு நாளில் பதில் வராவிட்டால் நீக்கப்படுவீர் என்று கடைசி வரி. எழுதிவிட்டு அழகாக இருக்கிறதா என்று இரண்டுமுறை படித்துப் பார்த்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அஞ்சலட்டையில் பதில் வந்தது. "எங்கள் தெரு மாரியம்மன் இதுவரை ஊர்த்தெருவுக்குள் வந்ததில்லை. இந்த வருஷம்தான் வந்தது. முன்னால் போகிறவன்மேல் கல் விழும் என்றார்கள். படித்தவன் நான் முன்னால் போனேன். நீங்கள் கூடும் கடையில் எனக்கு வேறு தம்ளர். எனக்கு அல்சர் இல்லை."

மறுநாள் அந்தக் கடைக்குப் போய் முதல்முறையாகச் சுற்றிப் பார்த்தேன். எங்களுக்குக் கண்ணாடி கிளாஸ். கொட்டகையின் பின்பக்கத் தட்டியில் செருகிய பலகையில் நாலு அலுமினியத் தம்ளர் கவிழ்த்திருந்தது. குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். ஒன்றரை வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கடவுள் இல்லை என்று நிரூபித்திருக்கிறேன். தட்டிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இதைக் கூட்டத்தில் எடுத்தபோது "கடைக்காரரைப் பகைச்சுக்கிட்டா எங்க கூடுறது?" என்றார் ஒருவர். இன்னொருவர், இது நம் வேலைத்திட்டத்தில் இல்லை என்றார். வட்டம் அன்றோடு கலைந்தது. நண்பருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டியதில்லை.

1943இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் திராவிட மாணவர் கழகம் எப்படிப் பிறந்தது என்று உங்கள் வட்டத்தில் யாருக்காவது தெரியுமா? கடவுள் உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்தில் அல்ல. பிராமண மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப்பானை, மற்றவர்களுக்கு வேறு பானை. அந்தப் பானைமேல் வந்த கோபத்தில் பிறந்தது. கடவுள் இல்லை என்பதைப் பேசி முடிக்க ஒரு சாயங்காலம் போதும், அதற்குச் சங்கமும் சந்தாவும் வேண்டாம். பானை எங்கே இருக்கிறது என்று தேடத்தான் ஆறு பேர் வேண்டும். அதுவும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். 2018இல் சென்னையின் பெரிய கல்வி நிறுவனம் ஒன்றின் மெஸ்ஸில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. மாணவர்கள் கத்திய பிறகே கிழித்தார்கள். உங்கள் விடுதியைப் பெருக்குகிற அம்மா எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார் தெரியுமா? 43 பேரில் ஒருவருக்காவது?

உங்கள் பொருளாளரும் இப்படி ஒரு காரணத்தோடு மொட்டை அடித்தார் என்று சொல்ல வரவில்லை. சும்மா அம்மா அழுதாள் என்றும் அடித்திருக்கலாம், பக்தியே வந்திருக்கலாம். ஏன் என்று நீங்கள் ஒருவராவது கேட்டீர்களா என்பதுதான் என் ஆத்திரம். இவ்வளவு நீளக் கடிதத்தில் அந்த ஒரு வரி இல்லை. மீம் போட நேரம் இருந்திருக்கிறது. கொள்கையா நட்பா என்று பெரிய தராசைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறீர்கள். அவர் அறை உங்கள் அறையிலிருந்து எத்தனை கதவு தள்ளி இருக்கிறது? போய்க் கட்டிலில் உட்காருங்கள். மீமை முதலில் அழித்துவிட்டுப் போங்கள்.

நூல்பட்டியல் பிறகு. 1930இல் லாகூர்ச் சிறையில் பகத்சிங் தம் நாத்திகம் பற்றி எழுதியதை மட்டும் இப்போதைக்குப் படியுங்கள், சின்னதுதான்.

நிகழ்ச்சி பற்றி ஒன்று, இதில் விளையாட்டு வேண்டாம். நாணயத்தைச் சாம்பலாக்க மெர்குரிக் குளோரைடைத் தொடுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். அது விஷம், தோல் வழியாகவும் உள்ளே போகும். அந்த வித்தை இல்லாமலே நிகழ்ச்சி நடக்கும். பெர்மாங்கனேட்டில் கிளிசரின் விட்டதும் தீ வராது, சில வினாடி எடுக்கும். பற்றவில்லையே என்று குனிந்து பார்க்காதீர்கள். எனக்கு இடது புருவம் முளைக்க மூன்று மாதம் ஆனது.

அன்புடன்.