சனிக்கிழமை டயாலிசிஸை மட்டும் அவர் ஏன் தவிர்க்கிறார்?

கேள்வி: என் கணவருக்கு வயது 54, தையற்கடை வைத்திருந்தார். சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து, பத்து மாதங்களாகச் செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். டிரை வெயிட் (கூடுதல் நீர் நீங்கிய பின் இருக்க வேண்டிய எடை) 62 கிலோ. இரண்டு மாதங்களாகச் சனிக்கிழமைகளில் அடிக்கடி வர மறுக்கிறார். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்கிறார். எனக்குத் தெரியாமல் தண்ணீர் குடிக்கிறார். யாருடனும் சரியாகப் பேசுவதில்லை. கண்டித்தால் கோபம்தான் மிஞ்சுகிறது. நான் என்ன செய்வது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் கணவரின் மறுப்பை வீம்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எங்களைப் போன்ற மருத்துவர்களே சில நேரங்களில் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று கோப்பில் எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறோம். காரணம் பெரும்பாலும் அந்தப் படுக்கையிலேயேதான் இருக்கும்.

சனிக்கிழமையைத் தவிர்த்தால் வியாழனுக்குப் பிறகு அடுத்த டயாலிசிஸ் செவ்வாய்க்கிழமைதான், அதாவது இடையில் நான்கு நாள் இடைவெளி. வழக்கமான இரண்டு நாள் வார இறுதி இடைவெளியிலேயே இதயக் கோளாறும் மரணமும் மற்ற நாட்களைவிடக் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியுள்ள நிலையில், நான்கு நாள் என்பது மிகவும் ஆபத்தானது. அந்தச் செவ்வாயன்று அவர் 5 கிலோ கூடுதல் எடையோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல் நீர் எடுப்பது பாதுகாப்பானதல்ல என்பது பொதுவான வரம்பு. 62 கிலோ உள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 3.2 லிட்டர். 5 லிட்டரையும் ஒரே முறையில் இழுத்தால் மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், இரத்த அழுத்தம் சரியும், கண் இருண்டுவரும். வீட்டுக்கு வந்தும் மறுநாள்வரை எழுந்திருக்க முடியாது. இப்படி வதைபட்டவர் அடுத்த சனிக்கிழமையைத் தவிர்ப்பதில் வியப்பில்லை. தவிர்த்ததால் வலி, வலியால் மீண்டும் தவிர்ப்பு என்ற இந்தச் சுழலை அறிவுரையால் மட்டும் உடைக்க முடியாது.

ஆகவே "ஏன் வரவில்லை?" என்று கேட்காமல், "எத்தனையாவது மணியில் கஷ்டம் தொடங்குகிறது?" என்று கேளுங்கள். கடைசி அரை மணியில் கால் பிடிக்கிறது என்றால் டிரை வெயிட்டை மறுபடி கணிக்கச் சொல்ல வேண்டும். பத்து மாதங்களில் உடல் தேறி அந்த எண் பழையதாகியிருக்கலாம். நேரத்தை அரை மணி நீட்டுவது, டயாலிசிஸ் திரவத்தின் வெப்பத்தைச் சற்றுக் குறைப்பது, அன்று காலை போடும் இரத்த அழுத்த மாத்திரையின் நேரத்தை மாற்றுவது, ஊசி வலிக்கு மரத்துப்போகச் செய்யும் களிம்பு தருவது ஆகியவை எல்லாம் மருத்துவரால் செய்யக்கூடியவை. நோயாளி வாய்திறந்து சொல்லாததால் செய்யப்படாமல் கிடப்பவையும் இவையே.

தாகத்துக்கு வருவோம். சுமார் 8 கிராம் உப்பு உடலில் சேர்ந்தால் அதற்கு ஈடாக ஒரு லிட்டர் நீரை உடல் கேட்டு வாங்கிக்கொள்ளும். எனவே தண்ணீர்ச் சொம்பைக் காவல் காப்பதைவிட ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைச் சாம்பார் ஆகியவற்றை நிறுத்துவது பலன் தரும். இரத்தச் சர்க்கரை ஏறியிருந்தாலும் தாகம் அடங்காது. அவருக்கு மட்டும் தனியாக உப்பில்லாக் குழம்பு வைத்து அவரைப் பந்தியிலிருந்து பிரிக்காதீர்கள். எல்லோருக்கும் குறைந்த உப்பில் சமைத்து, வேண்டியவர்கள் இலையில் போட்டுக்கொள்ளட்டும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும், டயாலிசிஸ் நோயாளிக்கு அது இதயத்தையே நிறுத்தக்கூடும்.

இனி, அவர் பேசாமல் இருப்பது. டயாலிசிஸ் செய்துகொள்வோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் உண்டு. சோர்வு, தூக்கமின்மை, பசியின்மை ஆகியவை சிறுநீரக நோயாலும் வருவதால் அவற்றை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. ஹீமோகுளோபின் குறைவும் போதாத டயாலிசிஸும் இதே தோற்றத்தைத் தரும் என்பதால் அவற்றை முதலில் பார்க்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறாரா, "உங்களுக்கெல்லாம் நான் பாரம்" என்கிறாரா என்று கவனியுங்கள். அப்படியானால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். டயாலிசிஸ் நாற்காலியில் இருக்கும் நேரத்திலேயே மனநல ஆலோசனை தரலாம் என்பதையும், செர்ட்ரலின் மாத்திரையும் உதவுகிறது என்பதையும் 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

என் அனுபவத்தில் இத்தகையவர்களுக்கு மிகவும் வலிப்பது ஊசியல்ல. எதுவும் தன் கையில் இல்லை என்ற எண்ணம். அளந்து வெட்டியே பழகிய கை அவருடையது. தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் குறிக்கும் வேலையை அவரிடமே விடுங்கள். நீங்கள் எட்டிப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்குரிய நீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி அவரே பங்கிட்டுக்கொள்ளட்டும்; வெளியேறும் சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் என்பது பொதுக் கணக்கு, சரியான அளவை மருத்துவர் சொல்வார். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் இரண்டு மணி நேரமாவது தையல் மெஷினில் உட்காரட்டும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையால் கனமான துணிக்கட்டைத் தூக்க வேண்டாம். சனிக்கிழமை நேரம்தான் சங்கடம் என்றால் வேறு ஷிஃப்ட் கேட்கலாம். வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவை பற்றியும் அவர் முன்னிலையிலேயே மருத்துவரிடம் பேசுங்கள்.

ஒரு முறை தவறிய பிறகு படுத்தால் மூச்சுத் திணறினாலோ, கைகால் திடீரெனத் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ செவ்வாய்வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். "இனி டயாலிசிஸே வேண்டாம்" என்று அவர் சொன்னால் சண்டையிடாமல், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண் உங்களுக்கும் சேர்த்துத்தான்.