‘எல்லாம் மாதா செஞ்சது’ என்கிறார் ஆயா

கேள்வி: என் அம்மாவைப் பெற்ற ஆயாவுக்கு 92 வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தவர், ஒரு நாளும் செபமாலையைத் தவறவிட்டதில்லை. லூர்து மாதா கோயிலில்தான் அவருக்கு ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம். வீட்டிலிருக்கும் வேளாங்கண்ணி மாதா சுரூபத்துக்குச் சேலை தைப்பார், குரோஷா பின்னுவார், கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார். அவரே எழுதிய மாதா பாட்டுகள் நான்கு நோட்டுகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ஏதோ ஒரு சினிமாப் பாட்டின் முதல் வரி. சில மாதங்களாக மறதி தெரிகிறது. அவருடைய தோ பாயோ வீட்டை விற்றுவிட்டு எங்களோடு அழைத்துக்கொள்ளப் போகிறோம். பெரிய மாமா, “இந்தத் தாளையெல்லாம் காராங் குனிக்குப் போடு” என்கிறார், அதாவது பழைய பேப்பர்காரருக்கு. என் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். அடுத்த பிறந்தநாளுக்கு நன்றிப் பூசை வைத்து, ஆயாவின் வாழ்க்கையை வீடியோவாகப் போடலாம் என்றால், “என்னைப் பத்தி என்ன இருக்கு, எல்லாம் மாதா செஞ்சது” என்று முடித்துவிடுகிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, செங்காங், சிங்கப்பூர்

பதில்: முதலில் உங்கள் ஆயாவின் பக்கம் நின்று பேசிவிடுகிறேன். அவர் மழுப்பவில்லை. எழுபது, எண்பது வருடம் ஒரே நம்பிக்கையோடு வாழ்ந்தவரிடம் திடீரென்று போனை நீட்டி “உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க” என்றால் வேறு என்ன சொல்வார்? தன்னைப் பற்றிப் பேசுவதே பெருமையடிப்பது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள் அந்தக் காலத்தில் அதிகம். அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். அவர் சொன்ன பதிலையே பிடித்துக்கொள்ளுங்கள். “சரி ஆயா, மாதா செஞ்சதுதான். எந்த ஊசியில செஞ்சாங்க? இந்தச் சரிகையை எங்க வாங்கினாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். அப்புறம், சரிகை வாங்கிய கடை எந்தத் தெருவில் இருந்தது, கடைக்காரர் எவ்வளவு குறைத்துக்கொடுத்தார் என்று ஆரம்பித்துவிடுவார்.

கையால் செய்த ஒரு பொருளைப் பற்றிக் கேட்டால் ஆள் தானாக வெளியே வருவார். மாதா சேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுரூபம் ஒரு முழ உயரம் இருக்குமா? அந்த உயரத்துக்குக் கொசுவம் வைப்பது சாதாரண வேலை இல்லை. பெரிய சேலையில் வைக்கிற அதே மடிப்பை விரல்கடை அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும், குழந்தை இயேசுவின் கை தெரிய வேண்டும், கிரீடம் வைக்கும்போது முக்காடு சரியக் கூடாது. பசை வைப்பாரா, குண்டூசி குத்துவாரா, உள்ளே நூல் ஓட்டுவாரா? பழைய சேலையை எப்போது மாற்றுவார், செப்டம்பர் 8 திருவிழாவுக்கா, பெரிய நோன்பு முடிந்தா? மாற்றிய சேலையை என்ன செய்வார்? யாருடைய கல்யாணச் சேலையிலிருந்து வெட்டிய துண்டு அது? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் ஏழு பிள்ளைகளின் கல்யாணமும் வந்துவிடும், எந்தச் சம்பந்தி வீட்டாரோடு மனத்தாங்கல் என்பதும் வந்துவிடும். (அந்த இடத்தில் ரெக்கார்டிங்கை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.)

குடிலும் அப்படித்தான். பிரவுன் பேப்பரைக் கசக்கி மலை செய்வது, டப்பாவில் பயறு முளைக்கவைத்துப் புல்வெளி செய்வது எல்லாம் பல வீடுகளில் உண்டு. உங்கள் ஆயா வீட்டில் எத்தனை நாள் முன்னால் பயறு போடுவார்கள் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நம்மூர் ஈரத்தில் ஒரு நாள் முந்திவிட்டால் இயேசு பிறப்பதற்குள் புல் அழுகிவிடும்.

மறதி என்கிறீர்கள். டாக்டரிடம் காட்டியிருக்காவிட்டால் முதலில் பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அதே சமயம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நேற்றுச் சாப்பிட்டதை மறக்கிறவர்களுக்கும் சின்ன வயதில் மனப்பாடமான செபமும், பாட்டும், கைப்பழக்கமும் வெகுநாள் தங்குவதுண்டு. குரோஷா ஊசியையும் நூலையும் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். குருத்து ஞாயிறு ஓலை கிடைத்தால் அதில் சிலுவை மடிக்கச் சொல்லுங்கள், கொள்ளுப் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கட்டும். காலை நேரம் நல்லது. அரை மணி நேரம் போதும், களைத்துவிட்டால் விட்டுவிடுங்கள். வருடம் கேட்காதீர்கள். “யப்பான்காரன் காலத்துக்கு முந்தியா, பிந்தியா?” என்று கேளுங்கள். ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்த 1942இல் அவர் சின்னப் பிள்ளை. துணியே கிடைக்காத அந்த நாளில் வீட்டில் யார் எதைக் கிழித்து எதைத் தைத்தார்கள் என்பது ஞாபகம் இருக்கலாம். பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் 1986 நவம்பரில் வந்து தேசிய விளையாட்டரங்கில் பூசை வைத்தார். அன்றைக்கு என்ன கட்டிக்கொண்டு போனார், யாரோடு போனார் என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். அவருக்கு முப்பது வயது தாண்டும்வரை பூசை லத்தீனில்தான் நடந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று லத்தீனில் சொல்ல, பின்னால் நம் ஆட்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்த லத்தீனில் ஏதாவது இரண்டு வரி இன்னும் பாடமாக இருக்கும், பாடச் சொல்லுங்கள்.

நோட்டுகளுக்கு வருவோம். காராங் குனிக்குப் போடக் கூடாது. சினிமாப் பாட்டின் முதல் வரியைப் பார்த்து யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று தலைப்பில் போட்டுப் பாட்டு எழுதுவது தமிழில் பழைய வழக்கம், அந்தக் காலத்தில் சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களில் ‘வர்ணமெட்டு’ என்று அச்சடித்தே இருக்கும். சுரம் எழுதத் தெரியாதவர் ராகத்தைக் குறித்து வைக்க வேறு என்ன வழி? எனக்கு இதில் இன்னொன்றும் தோன்றுகிறது. அந்த முதல் வரிகளை வரிசையாக எழுதினால், ஆயா எந்த வருடங்களில் ரேடியோ கேட்டார், என்ன படம் பார்த்தார் என்பது வெளிவந்துவிடும். பக்தியான பாட்டிக்குச் சினிமாப் பிடிக்காது என்று உங்கள் வீட்டில் யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் இப்போது தெரிந்துகொள்ளலாம்.

ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள், அட்டையையும் காலிப் பக்கத்தையும் சேர்த்து. துருப்பிடித்த கிளிப், ஸ்டேப்ளர் பின் இருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், திறந்து வைத்தால் ராமபாணப் பூச்சி. அமிலமில்லாத அட்டைப்பெட்டி ஒன்று வாங்கி அதில் வையுங்கள். பிள்ளைகளுக்கு வாசிக்கத் தடுமாற்றம் என்றால் ஆயாவையே பாடவைத்துப் பதிவு செய்யுங்கள், போன் பட்டனை அமுக்குவது பிள்ளைகள் வேலை. தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் இயங்குகிறது, தமிழில் பேசிய பேட்டிகளும் அங்கே இருக்கின்றன. ஒன்றிரண்டு கேட்டால் எப்படிக் கேள்வி கேட்பது என்று பிடிபடும். நோட்டுகளைத் தேசிய நூலகம் ஏற்றுக்கொள்ளுமா என்றும் விசாரிக்கலாம். ஆனால் முடிவு ஆயாவுடையது. உயிரோடு இருப்பவரின் நோட்டு அது.

வீடு மாற்றும்போது இன்னொரு சிக்கல் வரும். உடைந்த செபமாலை, கழுத்தில் போட்டுக் கிழிந்த துணி உத்திரியம், மூக்கு உடைந்த அந்தோனியார், பழைய குருத்தோலை எல்லாம் பெட்டி பெட்டியாக இருக்கும். மந்திரித்த பொருளைக் குப்பைக் குழாயில் போடுவது வழக்கமில்லை. எரிப்பார்கள் அல்லது மண்ணில் புதைப்பார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரண்டுக்கும் இடம் ஏது? பங்கு அலுவலகத்தில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். பழைய ஓலையை விபூதிப் புதனுக்கு முன்னால் கோயிலில் வாங்கிச் சாம்பலுக்கு எரிப்பார்கள். அங்கே போகும்போதே ஆயாவின் ஞானஸ்நானப் பதிவின் நகலும் கேளுங்கள். பெற்றோர் பெயர், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர் அதில் இருக்கும், ஓரத்தில் கல்யாணக் குறிப்பும் இருக்கலாம். ஓஃபிர் ரோட்டிலிருக்கும் இந்த லூர்து மாதா கோயில் 1888இல் கட்டப்பட்டது. அதற்கு முன் நம் ஆட்கள் குவீன் ஸ்திரீட்டில், இராயப்பர் சின்னப்பர் கோயிலில் சீனர்களோடு சேர்ந்து பூசை கண்டவர்கள். ஆயாவின் பெற்றோருக்கு முந்தைய தலைமுறையும் இங்கே இருந்ததென்றால் தேடலை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

நன்றிப் பூசை தாராளமாக வையுங்கள். பூசைக்குள் ஆயாவைப் புகழ்ந்து பேச்சு வேண்டாம், அவருக்கே பிடிக்காது. முடிந்ததும் தேநீர் கொடுக்கிற இடத்தில் ஒரு நீள மேசை போட்டு, பின்னல் விரிப்புகளையும் மாதா சேலைகளையும் விரித்து வையுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியில் ஆயா உட்காரட்டும். வருகிறவர்கள் “இதை எப்படிப் பின்னினீங்க?” என்று கேட்பார்கள், அவரும் சொல்லிக்கொண்டிருப்பார். மெல்லிய பியானோ இசை ஓட, மஞ்சளாக மங்கும் படங்களோடு போகிற பிறந்தநாள் வீடியோக்களை நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் எல்லாப் பாட்டிகளும் ஒன்றுபோலவே இருக்கிறார்கள்.

மாமா தோ பாயோ வீட்டை ஒதுங்கவைக்க ஆரம்பிக்கும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஆயாவிடமும் கேட்டுக்கொண்டு, இந்தச் சனிக்கிழமையே போய் நான்கு நோட்டுகளையும் எடுத்து வந்துவிடுங்கள். மாமாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.