டப்பாவுக்கு ஏன் வாடகை?

அன்புள்ள ஐயா,

பழைய ஒலிநாடாக்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறேன். திருநகரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, போன தை மாதம் கே.கே.நகரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு வந்தோம். என்னிடம் 1200 சொச்சம் சி.டி. இருக்கிறது. பாதி கர்னாடக சங்கீதம், மீதி சினிமாப் பாட்டு, கொஞ்சம் நாட்டுப்புறப் பாட்டு. எல்லாம் பதினோரு அட்டைப்பெட்டிகளில் இன்னும் ஹாலிலேயே கிடக்கிறது. "எல்லாம் போன்ல வருதுப்பா, எடைக்குப் போட்டுருங்க" என்கிறான் பையன். மொட்டை மாடி அறைப் பரணில் ஏற்றிவிடலாம் என்கிறாள் மனைவி. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. நீங்களும் நிறைய வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். எங்கே, எப்படி வைத்திருக்கிறீர்கள்? என் பெயரைப் போட வேண்டாம். வீட்டில் உங்களைப் படிக்கிறார்கள்.

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் பதினோரு பெட்டி சி.டி.யோடு கே.கே.நகருக்குக் குடிவந்தவர்கள் நிறைய பேர் இருக்க மாட்டார்கள். வீட்டில் கண்டுபிடித்தால் நான் பொறுப்பில்லை.

முதலில் அந்தப் பரணை மறந்துவிடுங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. எங்கள் மாடி அறைக்குத் தகரக் கூரை. ஊர்க்கோயில் திருவிழாவில் நானே பதிவு செய்த நாகசுரக் கச்சேரிகளை வீட்டுக் கணினியில் சி.டி.யாக எழுதி, நாற்பது வட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு அங்கே வைத்திருந்தேன். மதுரை வெயில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே 40 டிகிரி என்றால் தகரத்துக்குக் கீழே என்ன இருக்கும்? மூன்று கோடை கழித்து எடுத்துப் போட்டால் பாதிக்கு மேல் படிக்கவில்லை. நாமே எழுதும் சி.டி.யில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் படலம். சூடும் வெளிச்சமும் அதைக் கெடுத்துவிடும். கடையில் வாங்கும் சி.டி. அப்படியில்லை, தகவலை அச்சில் குழிகளாக அழுத்தி, மேலே அலுமினியம் பூசியிருப்பார்கள். அது நன்றாகவே தாங்கும். ஆனால் அந்த அலுமினியத்துக்குக் காவல் பெயர் அச்சிட்ட பக்கத்தில் இருக்கும் மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான். பளபளக்கும் பக்கத்தைக் கண்ணாய்ப் பார்த்துக்கொண்டு, பெயர் இருக்கும் பக்கத்தைத் தரையில் தேய்க்கிறோம். அந்தப் பக்கம்தான் பலவீனமானது.

சரி, இடத்துக்கு வருவோம். ஒரு சி.டி.யின் கனம் 1.2 மில்லிமீட்டர். அது உட்கார்ந்திருக்கும் கண்ணாடி மாதிரியான டப்பா 10 மில்லிமீட்டர். உங்கள் 1200ஐயும் டப்பாவோடு வரிசையாக நிறுத்தினால் 12 மீட்டர் நீளம் வரும். மூன்றடி அலமாரியில் பதிமூன்று, பதினான்கு தட்டு. இந்த 12 மீட்டரில் பாட்டு இருப்பது ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. மற்றதெல்லாம் பிளாஸ்டிக்கும் காற்றும். அதற்குத்தான் நீங்கள் ஹாலைக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே டப்பாவைக் கழற்றுங்கள். ஆனால் அட்டையை எறியாதீர்கள். கர்னாடக சங்கீத சி.டி.யில் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. என்ன ராகம், என்ன தாளம், யார் வயலின், யார் மிருதங்கம் எல்லாம் அந்தச் சின்னப் புத்தகத்தில்தான். உங்கள் பையனின் போனில் இதைத் தேடிப் பாருங்கள். பாடகர் பெயர் வரும், படம் வரும். மிருதங்கக்காரர் பெரும்பாலும் வரமாட்டார்.

வட்டு, முன் புத்தகம், பின் அட்டை மூன்றையும் சேர்த்துப் போடும் உறைகள் கிடைக்கின்றன. பின் அட்டையின் இரு ஓரத்திலும் பெயர் எழுதிய மடிப்பு இருக்கும். அதை உள்பக்கமாக மடித்துவிட்டால் தட்டையாக உட்காரும். உறை வாங்கும்போது பாலிபுரோப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். நான் முதலில் வாங்கியது ஜிப் வைத்த கறுப்பு ஆல்பம், பக்கங்கள் பி.வி.சி. பார்க்க வக்கீல் ஃபைல் மாதிரி கம்பீரமாக இருந்தது. பி.வி.சி.யை வளையும்படி செய்யச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளாக நாளாக வெளியே கசியும். நாலாவது வருஷம் புத்தகத்தின் மை பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது, வட்டிலெல்லாம் பிசுபிசுப்பு. சோப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவினேன். ஈரத்தை நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். கிராமபோன் தட்டு மாதிரி சுற்றித் துடைத்தால், விழுகிற கீறல் பாட்டின் தடத்தோடேயே ஓடும். கருவிக்கு அதைச் சமாளிப்பது கஷ்டம்.

உறையில் போட்டால் ஒன்றுக்கு 3 மில்லிமீட்டர் போதும். 12 மீட்டர், மூன்றரை நாலு மீட்டராகிவிடும். அதை எங்கே வைப்பது? என்னுடையது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஆசாரியிடம் சொல்லி, பிளைவுட்டில் இரண்டு டிராயர், அடியில் சக்கரம். இரண்டடி அகலம், இரண்டடி நீளம், அரையடி உயரம். குறுக்கே நாலு வரிசை வரும். வரிசைக்கு 160 வைத்தால் விரலால் புரட்ட இடம் மிஞ்சும். ஒரு டிராயருக்கு 640 என்றால் உங்கள் மொத்தச் சொத்தும் இரண்டில் அடங்கும். படுக்கவைத்து அடுக்க வேண்டாம், நிறுத்தியே வையுங்கள். நிறைந்த டிராயர் 20 கிலோவுக்கு மேல் கனக்கும், சக்கரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பூச்சிக்கு அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

டப்பா போனதும் ஒரு புதுத் தொல்லை வரும். முதுகில் பெயர் இருக்காது, எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அட்டையில் எழுத்துப் பிரிவுகள் வெட்டி நடுவே செருக வேண்டும். சினிமாவுக்கு இசையமைப்பாளர் வரிசை நல்லது. கச்சேரிக்குப் பாடியவர் பெயர். ஆனால் நம்மூர்க்காரனுக்கு இதில் ஒரு வம்பு இருக்கிறது. மதுரை மணி ஐயர், மதுரை சோமு இருவரும் 'ம'வில் போய் உட்காருவார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எம்' மதுரைதான், அவரையும் அங்கேயே வைப்பதா? டி.எம். சௌந்தரராஜன் மதுரையில் பிறந்தவர். அவருடைய இனிஷியலில் ஊர் கிடையாது. 'டி' தொகுளுவா என்ற குடும்பப் பெயர். ஊரை விட்டுவிட்டு ஆள் பெயரில் அடுக்கினேன். மணி 'ம'விலேயே இருந்துகொண்டார், மற்றவர்கள் இடம் மாறினார்கள்.

பையன் சொல்வதிலும் பாதி சரி. வெற்றிப் படப் பாட்டுகளின் தொகுப்புகள், பஸ் ஸ்டாண்டில் வாங்கிய 'ஒரே சி.டி.யில் 150 பாட்டு' எம்பி3 வட்டுகள், இரண்டு மூன்று தடவை வாங்கிய ஒரே படம் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கழியுங்கள். நான் 300ஐ அப்படிக் கழித்தேன், ஒன்றைக்கூடத் தேடியதில்லை. ஆனால் உங்களிடமுள்ள அந்த 'கொஞ்சம் நாட்டுப்புறப் பாட்டு' மேல் கை வைக்காதீர்கள். சின்னக் கம்பெனிகள் போட்ட ஒப்பாரி, வில்லுப்பாட்டு, கரகாட்ட மேளம் எல்லாம் போனில் பல சமயம் கிடைப்பதில்லை.

கணினியில் ஏற்றுவதாக இருந்தால் எம்பி3 ஆக்காமல் ஃபிளாக் (FLAC) என்ற கோப்பு வகையாக ஆக்குங்கள். ஒலியில் ஒன்றும் குறையாது, இடம் ஏறக்குறைய பாதியாகும். ஒரு மணி நேர சி.டி. 350 எம்.பி. அளவில் வரும், 1200ம் சேர்ந்து 1 டி.பி. டிஸ்கில் பாதியைக்கூட நிரப்பாது. டிஸ்க் இரண்டு வாங்குங்கள், ஒன்று உறவுக்காரர் வீட்டில் இருக்கட்டும். நாளைக்குப் பத்து சி.டி. என்றால் நாலு மாத வேலை. வீட்டில் எழுதிய வட்டுகளை முதலில் ஏற்றுங்கள், முதலில் சாகிறவை அவைதான். வட்டுகளை அதற்குப் பிறகும் வைத்திருங்கள். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். டிஸ்க் ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

காலி டப்பாக்களை எங்கள் தெருப் பழைய இரும்புக்காரர் தொடவே இல்லை. ஐம்பதை மட்டும் வைத்துக்கொண்டேன், யாருக்காவது ஒன்று கொடுக்கும்போது ஆகும்.

அப்புறம் ஒன்று. டிராயருக்கு நான் சொன்னது உள்ளளவு. ஆசாரியிடம் அதை அழுத்திச் சொல்லுங்கள். நான் வெறுமே இரண்டடி என்றேன், அவர் வெளியளவாகச் செய்துவிட்டார். இரு பக்கமும் முக்கால் இஞ்சு பலகை போக, மூன்று வரிசைதான் நின்றது. நாலாவது வரிசைக்கு ஒரு விரற்கடை போதவில்லை. அந்தச் சந்தில் இப்போது என் மனைவியின் குடைகள் இருக்கின்றன.