ஐரோப்பா சுற்றுலாவுக்கு ஷெங்கன் விசா வாங்குவது அவ்வளவு கஷ்டமா? ஏஜென்ட் இல்லாமல் முடியுமா?

கேள்வி கேட்டவர் அடுத்த மே விடுமுறையில் அம்மா, மனைவியோடு பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் என்று பத்து நாள் போக நினைக்கிறார். முதல் வெளிநாட்டுப் பயணம், ஏஜென்ட் வைத்தால் நிச்சயம் விசா கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். ஷெங்கன் விசா என்பது 29 ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா. ஏறக்குறைய இதே ஆட்களோடு இதே ஊர்களுக்கு நானும் போனேன், ஒரு முறை விசா மறுக்கப்பட்டு இரண்டாவது முறை வாங்கினேன் என்பதால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது.

முதலில் தோற்ற கதை. மே மாதம் கிளம்ப வேண்டும், 2024 மார்ச்சில்தான் நாங்கள் விழித்துக்கொண்டோம். சென்னையில் சுவிட்சர்லாந்துக்கு ஸ்லாட் (விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு நேரம்) இல்லை, பிரான்சுக்கும் இல்லை. திருச்சியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஏஜென்ட், வேறொரு நாட்டுக்கு ஸ்லாட் காலியாக இருக்கிறது, அதில் போடலாம், விசா வந்துவிட்டால் 29 நாட்டுக்கும் போகலாமே என்றார். "சார், பேலன்ஸ் மட்டும் கொஞ்சம் ஏத்திக் காட்டுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றும் சொன்னார். சரி என்று எடுத்திருந்த சீட்டுப் பணம் நான்கு லட்சத்தை மொத்தமாக அக்கவுன்டில் போட்டேன், விண்ணப்பம் கொடுப்பதற்குப் பத்து நாள் முன்னால். அவர் ஒரு டம்மி ஹோட்டல் புக்கிங் போட்டார். கவரிங் லெட்டரில், அதாவது பயணத்தை விளக்கி விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில், ஒரு ஊர், ஹோட்டல் இன்னொரு ஊர், விமானம் இறங்குவது மூன்றாவது ஊர். நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

மூன்று பாஸ்போர்ட்டும் ஒரு தாளோடு திரும்பி வந்தன. அந்தத் தாளில் காரணங்கள் வரிசையாக அச்சடித்திருக்கும், நமக்குப் பொருந்துவதில் டிக் போட்டிருப்பார்கள். எங்களுக்கு இரண்டு டிக்: தங்கும் நோக்கமும் விவரமும் நிரூபிக்கப்படவில்லை, குறித்த நேரத்தில் திரும்பிப் போவார்களா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டாவதைப் படித்துச் சொன்னதும் வந்த கோபம் இருக்கிறதே. "ஏன்டா, என்னைப் பாத்தா அங்கேயே தங்கிடற ஆளாட்டமா தெரியுது?" அப்போது ஆளுக்கு 80 யூரோ கட்டணம், மூன்று பேருக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது, மறுத்தாலும் அது திரும்ப வராது. 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ ஆக்கிவிட்டார்கள். ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு 45, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

எந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது நம் விருப்பம் இல்லை. அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாடு, நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. உங்கள் திட்டத்தில் சுவிஸ் நான்கு இரவு, பாரிஸ் மூன்று, ரோம் மூன்று என்றால் சுவிட்சர்லாந்திடம்தான் கொடுக்க வேண்டும், பாரிஸில் இறங்கினாலும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையே என்று கேட்பார்கள், ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளுக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும். மே பயணம் என்றால் நவம்பரிலேயே கதவு திறந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடியட்டும் என்று எல்லோரும் மார்ச்சில் ஸ்லாட் தேடுவதால்தான் அந்தத் தள்ளுமுள்ளு. முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கலாம். இரண்டாம் முறை நாங்கள் பிப்ரவரியில் கொடுத்தோம், அதுவே எனக்குத் தாமதமாகத்தான் பட்டது.

இனி காகிதங்கள். பட்டியல் அந்தந்த நாட்டின் தளத்திலேயே இருக்கிறது, அதை அப்படியே பின்பற்றுங்கள், நான் திருப்பி எழுதவில்லை. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் கொடுத்ததாக, திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகிறதாக, இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது, ஷெங்கன் முழுமைக்கும் பயண நாள் அத்தனைக்கும் இருக்க வேண்டும். அம்மாவின் வயதுக்கு பிரீமியம் கொஞ்சம் கூடும், அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். நான் சொல்ல வருவது பட்டியலில் இல்லாத ஒன்று. அத்தனை காகிதமும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். லீவ் லெட்டரில் உள்ள தேதி, விமானத் தேதி, ஹோட்டல் தேதி, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் ஒன்றோடொன்று உட்கார வேண்டும். சம்பளத்துக்கும் செலவுக்கும் பொருத்தம் தெரிய வேண்டும். நம்மைப் பார்த்தே இராத ஒருவர் அந்தக் காகிதக் கட்டை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறார், அவருக்கு நம் அம்மாவின் குணம் தெரியாது.

பணம் எவ்வளவு காட்டலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். திடீரென்று வந்த நான்கு லட்சத்தைவிட மாதாமாதம் வந்து மிஞ்சி நிற்கிற ஒன்றரை லட்சம் நன்றாகப் பேசும் என்பது என் அனுபவம். பெரிய தொகை உண்மையிலேயே வந்திருந்தால் அது எங்கிருந்து என்று எழுதிவிடுங்கள். இரண்டாம் முறை நான் சீட்டு ஒப்பந்தத்தின் நகலையே வைத்தேன். கவரிங் லெட்டரை நானே எழுதினேன், ஒரே பக்கம். யார் யார் போகிறோம், யார் செலவு, எந்த நாள் எந்த ஊர், வேலைக்கு எப்போது திரும்புகிறேன், முந்தைய விண்ணப்பம் எதனால் குழம்பியது. முன்பு மறுத்ததை மறைக்காதீர்கள், அவர்கள் கணினியில் அது ஐந்து வருடம் வரை இருக்கும்.

என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. அரசு ஊழியர்கள் வெளிநாடு போகத் துறை அனுமதி வாங்க வேண்டும், அந்தக் கோப்பு மேஜை மேஜையாக நகர்வதற்குள் விசாவே வாங்கிவிடலாம் போலிருந்தது. உங்கள் வீட்டில் அரசு வேலையில் யாராவது இருந்தால் அதை முதல் வேலையாகத் தொடங்குங்கள்.

அப்புறம் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி, பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும்தான், சர்நேம் கட்டம் காலி. பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலோடு இருக்கிறது, ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கிறது. விமான டிக்கெட் தளமோ சர்நேம் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. துபாய் விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதானால் பிரச்சினை இல்லை. ஆனால் போகிற வழியில் துபாயையும் பார்க்கலாம் என்று அமீரகச் சுற்றுலா விசா எடுக்க நினைத்தால், 2022 நவம்பரிலிருந்து அவர்கள் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை அப்படியே ஏற்பதில்லை. நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டிலேயே சர்நேம் சேர்த்துவிடுங்கள். நேரம் இல்லையென்றால் டிக்கெட்டில் பெயரை எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள், நீங்களாக ஊகித்துப் போடாதீர்கள்.

டிக்கெட் என்றதும் இன்னொன்று. லண்டன் வழியாக மலிவாகக் கிடைத்தால் மயங்காதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு, கையில் ஷெங்கன் சுற்றுலா விசா இருந்தாலும், லண்டனில் விமானம் மாற மட்டுமே தனியாக டிரான்சிட் விசா வேண்டும். விசா வரும் முன்பே பணம் திரும்பாத டிக்கெட்டும் வாங்காதீர்கள், ரத்து செய்யக்கூடிய ரிசர்வேஷன் போதும். உண்மையான ரிசர்வேஷனாக இருக்கட்டும், டம்மி வேண்டாம். பாரிஸில் இறங்கி ரோமில் ஏறுவது போலப் போடுங்கள், வந்த வழியே திரும்புவதில் ஒரு நாள் வீணாகும்.

விசா ஒட்டி வந்ததும் சந்தோஷத்தில் மூடி வைக்காமல் ஸ்டிக்கரைப் படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது ஒன்று, அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறொன்று. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும், அதனால் பத்து இரவு தங்கினால் பதினொரு நாள். நுழைவு 01 என்று இருந்தால் ஒருமுறை வெளியேறிவிட்டு மறுபடி உள்ளே வர முடியாது. 2025 அக்டோபர் 12-லிருந்து எல்லையில் முகப்படம், கைரேகை எல்லாம் கணினியில் பதியும் முறையைத் தொடங்கிவிட்டார்கள், ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் கணக்கு அதில் நிற்கும்.

ஊர் சுற்றும் திட்டத்தில் கிழமையைப் பாருங்கள், தேதி போதாது. லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் கிடையாது. சுவிஸில் ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், சனிக்கிழமையே தயிரும் ரொட்டியும் வாங்கி வையுங்கள். சுவிஸ் பனிமலை மேலே இருக்கும் யுங்ஃப்ராயோக் ரயில் நிலையம் 3,454 மீட்டரில் இருக்கிறது, நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். அம்மாவுக்கு பிரஷர் உண்டு என்பதால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற்றினேன். மேலே போனதும் அரை மணி நேரம் உட்கார வைத்தோம், அப்புறம் பனியில் எங்களைவிட அவர்தான் அதிக நேரம் நின்றார்.

கிளம்பும் முன் வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யுங்கள், நம் கார்டுகளில் அது முதலிலிருந்தே அணைத்துத்தான் வரும். கடையில் ரூபாயில் கட்டுகிறீர்களா யூரோவிலா என்று மெஷின் கேட்டால் யூரோ, சுவிஸில் ஃபிராங்க். ரூபாயை அமுக்கினால் அவர்கள் போடுகிற மாற்று விகிதத்தில் நமக்கு நஷ்டம்.

ஏஜென்ட் வேண்டுமா என்ற கேள்விக்கு: ஃபாரம் நிரப்பவும் ஸ்லாட் பார்க்கவும் நேரமில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நிச்சயம் வாங்கித் தருகிறேன் என்று சொல்பவரிடம் போகாதீர்கள், அது யார் கையிலும் இல்லை. கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்தையும் நீங்களே படியுங்கள்.

உணவு பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அம்மாக்களோடு போகிறவர் கேட்கத்தான் போகிறீர்கள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் எங்களோடு வந்தன. நெய், பால்கோவா, கருவாடு என்று எடுத்து வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். பாலில் செய்ததும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது, மீனுக்கு வேறு விதி இருந்தாலும் அந்த வாசனையோடு பதினொரு நாள் ஒரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்ற வேண்டுமே.